300 சிடிக்கு பிரஸ்ஸிங் காசு வாங்கிக்கொண்டு ரைட் பண்ணி அனுப்பிவிட்டார்கள், ஆர்டர் கொடுக்கும் முன் படியுங்கள்

பெட்டி வந்து இரண்டு நாள் ஆகிறது. இன்னும் வயிறு எரிகிறது. ஒரு மாதச் சம்பளம், முழுசாக, முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். பேசியது 300 ஆடியோ சிடி, ஆலையில் அச்சடித்து. வந்தது 300 வெற்று சிடி, கம்ப்யூட்டரில் ரைட் பண்ணி. இணையத்தில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே அனுப்பும் ஒரு சிடி பிரதி நிறுவனம் இது. பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடிதம் போய்க்கொண்டிருப்பதால் பெயர் எழுதவில்லை. ஆர்டர் கொடுப்பது எப்படி, வந்ததைச் சோதிப்பது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

இதில் என்ன பெரிய வித்தியாசம், இரண்டும் பாடுகிறதே என்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டும் 120 மில்லிமீட்டர் விட்டம், 1.2 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் 15 மில்லிமீட்டர் துளை. ஒற்றுமை அதோடு முடிந்தது.

பிரஸ் பண்ணும் சிடிக்கு முதலில் கிளாஸ் மாஸ்டர் வேண்டும். மெருகேற்றிய கண்ணாடித் தட்டின் மேல் ஒளி பட்டால் மாறும் பூச்சை மெல்லியதாகப் பூசி, அதில் லேசரால் பாட்டை எழுதுவார்கள். கழுவினால் லேசர் பட்ட இடம் குழியாகக் கரையும். குழியின் அகலம் அரை மைக்ரான், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். ஒரு தூசி விழுந்தாலும் பாழ் என்பதால் இதெல்லாம் தூசியற்ற அறைக்குள்தான் நடக்கும். பிறகு அதன் மேல் உலோகப் பூச்சு கொடுத்து, மின்முலாம் தொட்டியில் நிக்கலை வளர்த்து உரித்தெடுத்தால் சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தகடு கிடைக்கும். பெரிய ஆர்டர் என்றால் அந்தத் தகட்டிலிருந்து 'தாய்' என்ற எதிர்ப்பிரதி எடுத்து, தாயிலிருந்து பல ஸ்டாம்பர்கள், அதாவது சிடி வார்க்கும் அச்சுத் தகடுகள், எடுப்பார்கள். சின்ன ஆர்டருக்கு உரித்த முதல் தகட்டையே ஸ்டாம்பராகப் போட்டுவிடலாம். இந்த வேலைக்கான செலவு 300 சிடிக்கும் 10,000 சிடிக்கும் கிட்டத்தட்ட அதேதான். குறைந்த எண்ணிக்கைக்கு பிரஸ்ஸிங் விலை உயர்ந்து நிற்பது இதனால்தான். ஏமாற்றுக்காரனுக்கு லாபமும் இந்த இடத்தில்தான்.

ஸ்டாம்பர் தயாரானால் மீதி வேகம். நன்றாக உலர்த்திய பாலிகார்பனேட் மணிகளை 300 டிகிரிக்கு மேல் உருக்கி அச்சுக்குள் செலுத்துகிறார்கள். உலர்த்தாமல் விட்டால் ஈரம் ஆவியாகித் தட்டுக்குள் குமிழியும் கோடும் விழும். சில விநாடிக்கு ஒரு தட்டு வெளியே வரும். அதன் மேல் அலுமினியப் படலம், அதற்கு மேல் புற ஊதா ஒளியில் இறுகும் லாக்கர், அதற்கும் மேல் லேபிள் அச்சு. ஆக, பாட்டு பிளாஸ்டிக்கிலேயே குழியாக இருக்கிறது. அழிக்க முடியாது, வெளிச்சத்தில் மங்காது.

ரைட் பண்ணும் சிடியில் குழி கிடையாது. வெற்றுத் தட்டில் உள்ளிருந்து வெளிவரை ஒரு பள்ளம் மட்டும் முன்பே அச்சாகியிருக்கும். அதன் மேல் சாயம், சாயத்துக்கு மேல் பெரும்பாலும் வெள்ளிப் படலம். ரைட்டரின் லேசர் சூட்டில் சாயம் புள்ளி புள்ளியாக மாறுகிறது, அந்தப் புள்ளிகள்தான் பாட்டு. சயனின் சாயம் பச்சை நீலமாகத் தெரியும், அசோ சாயம் அடர் நீலம், தாலோசயனின் மிக வெளிறியது. எனக்கு வந்தது கடைசி ரகம். வெள்ளித் தட்டின் மேல் வெளிறிய சாயம் இருந்தால் அவசரத்தில் பார்ப்பவருக்கு அச்சடித்த சிடி மாதிரியே இருக்கும். சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் ஆகாது. ஐந்து பேருக்குக் கொடுக்க இது போதும், விற்பனைக்குக் கொடுக்கிற சரக்குக்கு ஆகாது.

மூன்றாவது ரகம், அழித்து எழுதும் ஆர்டபிள்யூ. அதில் சாயத்துக்குப் பதில் உலோகக் கலவை. ஒளியைத் திருப்பி அனுப்புவது மிகக் குறைவு, பழைய பிளேயர்கள் தொடவே தொடாது. 80 மில்லிமீட்டர் குட்டி சிடியையும் வேறு வடிவத்தில் வெட்டிய சிடியையும் தட்டை இழுத்துக்கொள்ளும் வகை பிளேயரில் போட்டால் உள்ளே மாட்டிக்கொள்ளும். யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள்.

இப்போது நம்பிக்கை வந்த கதை. போனில் பேசியவர் சரக்கு தெரிந்தவர் மாதிரிதான் பேசினார். "பாட்டுக்கு நடுவுல கேப் வேணுமா சார், தொடர்ச்சியா ஓடணுமா? மாஸ்டரை டிடிபி ஃபைலா தருவீங்களா? ஐஎஸ்ஆர்சி நம்பர் இருக்கா?" டிடிபி என்பது இறுதி ஒலிப்பதிவை ஆலைக்குக் கொடுக்கும் ஃபைல் வடிவம், ஐஎஸ்ஆர்சி என்பது ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய அடையாள எண். மூன்றும் சரியான கேள்விகள். பிறகு, "உங்க ஆல்பத்துக்குத் தனியா கிளாஸ் மாஸ்டர் போடுறோம், அதான் ரேட் கொஞ்சம் கூட வருது" என்றார். கொட்டேஷனில் கிளாஸ் மாஸ்டர் கட்டணம் தனி வரியாகவே இருந்தது. மாதிரிக்கு ஒரு சிடியும் அனுப்பினார்கள். அது உண்மையிலேயே அச்சடித்தது. வேறு யாருடைய ஆல்பமோ, எந்த ஆலையில் போட்டதோ! அந்த ஒரு தட்டைப் பார்த்துத்தான் ஒரு மாதச் சம்பளம் கை மாறியது.

"மூணே நாள்ல டெலிவரி" என்றபோதே உறைத்திருக்க வேண்டும். மாஸ்டர், மின்முலாம், அச்சு, லேபிள் என்று வரிசையில் காத்திருந்து வர வேண்டிய சரக்கு அவ்வளவு சீக்கிரம் கை சேராது. மூன்று நாளில் முடிகிற வேலை, பல ரைட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த டவரில் வெற்று சிடியைப் போட்டு ஓட்டுவதுதான்.

பெட்டியைப் பிரித்ததும் உள்வளையத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்தேன். 300 சிடி ஒரே ஸ்டாம்பரில் வந்தால் துளையைச் சுற்றியுள்ள கண்ணாடிப் பகுதியில் எல்லாத் தட்டிலும் ஒரே மாஸ்டர் எண் இருக்க வேண்டும். இங்கே தட்டுக்குத் தட்டு வேறு வேறு எண். அது வெற்று சிடி தயாரித்தவர் போட்ட வரிசை எண். ஐஎஃப்பிஐ (சர்வதேச ஒலிப்பதிவுத் துறைக் கூட்டமைப்பு) என்ற எழுத்து இருக்கிறதே என்று சமாதானம் ஆகிவிட வேண்டாம். வெற்று சிடிகளிலும் அச்சு இயந்திரத்தின் ஐஎஃப்பிஐ குறியீடு இருக்கலாம்.

அடுத்தது வானவில். அச்சடித்த சிடியில் பாட்டு முடிந்த பிறகு வெளிவிளிம்பு வரை பெரும்பாலும் வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும், ஏனென்றால் அங்கே குழியே இல்லை. ரைட் பண்ணிய சிடியில் பள்ளம் விளிம்பு வரை போவதால் பாட்டு முடிந்த இடத்துக்கு அப்பாலும் வானவில் நிறம் அடிக்கும். ஆல்பம் 43 நிமிடம், தட்டில் விளிம்பு வரை வானவில்.

கடைசியாக ரைட்டர் டிரைவில் போட்டு ஏடிஐபி தகவலைப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தின் நெளிவிலேயே பதிந்து வரும் தகவல் அது, அச்சடித்த சிடியில் இருக்கவே இருக்காது. இங்கே சாயத்தின் வகை, கொள்ளளவு 79 நிமிடம் 59 விநாடி என்று வரிசையாக வந்து நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ரைட்டாவது ஒழுங்காகப் பண்ணினார்களா என்றால் அதுவும் இல்லை. தொடர்ச்சியாக ஓட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பாட்டுகளுக்கு நடுவே இரண்டு விநாடி மௌனம். முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எழுதாமல் பாட்டுக்குப் பாட்டு லேசரை நிறுத்தி எழுதினால் இப்படித்தான் வரும். இருபது தட்டைச் சோதித்ததில் மூன்று, கடைசிப் பாட்டில் தாவுகிறது. சாயப் பூச்சு சீராக அமையாமல் போவது விளிம்பில்தான் அதிகம், ரைட்டர் அதிவேகத்தில் ஓடுவதும் அங்கேதான். சி1 பிழை (தட்டை வாசிக்கும்போது முதல் கட்டத்திலேயே தெரியும் பிழை) விநாடிக்குச் சராசரி 220ஐத் தாண்டக் கூடாது என்பது தரவரம்பு, சி2 பிழை (முதல் கட்டத்தில் திருத்த முடியாமல் போனது) புதுத் தட்டில் வரவே கூடாது. அந்த மூன்றிலும் சி2 வந்தது. ஈர விரலால் லேபிளைத் தேய்த்தால் மை ஒட்டிக்கொண்டு வருகிறது. இங்க்ஜெட் பிரிண்டர்!

போன் செய்தால் முதல் நாள் பதில்: "சிடி பாடுதுல்ல சார், அப்புறம் என்ன?" மாலையில் வேறொருவர்: "உங்க பிளேயர் பழசா இருக்கும், லென்ஸைத் துடைச்சுப் பாருங்க." ஏடிஐபி திரையைப் படமெடுத்து அனுப்பினேன். "டெக்னிக்கல் டீமுக்குப் போட்டிருக்கோம்" என்றார்கள். புகார் எண் கொடுத்தார்கள். மறுநாள் அந்த எண்ணைச் சொன்னால் "அது க்ளோஸ் ஆயிடுச்சே, புதுசா ஒண்ணு போடுங்க." இன்று காலை கடைசியாகச் சொன்னது: "இன்வாய்ஸைப் பாருங்க சார், டூப்ளிகேஷன்னுதான் இருக்கு."

இருக்கிறது. அதுதான் கொதிக்கிறது. தொழிலில் ரெப்ளிகேஷன் என்றால் அச்சடிப்பது, டூப்ளிகேஷன் என்றால் ரைட் பண்ணுவது. நாம் இரண்டையும் 'காப்பி போடுறது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். போனில் முழுக்க "பிரஸ்ஸிங்", கொட்டேஷனில் "கிளாஸ் மாஸ்டர்", பணம் கட்டிய பிறகு வந்த இன்வாய்ஸில் மட்டும் டூப்ளிகேஷன். டூப்ளிகேஷனுக்கு எதற்கு ஐயா கிளாஸ் மாஸ்டர் கட்டணம்? கேட்டேன். லைன் கட்டானது. ஒரு மாதச் சம்பளம்!

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது இவ்வளவுதான் முடிகிறது. ஆர்டரிலும் இன்வாய்ஸிலும் 'ரெப்ளிகேஷன், கிளாஸ் மாஸ்டரிலிருந்து' என்று எழுத்தில் வாங்காமல் காசு கட்டாதீர்கள். மாதிரித் தட்டை நம்பாதீர்கள், உங்கள் ஆல்பத்தின் முதல் தட்டையே கேளுங்கள், அதன் உள்வளைய எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முழுப் பணம் முன்பணமாக வேண்டவே வேண்டாம். சரக்கு வந்ததும் பெட்டியின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் பத்துத் தட்டை எடுத்து எண்களை ஒப்பிடுங்கள். ஒரே எண் இல்லையென்றால் டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள்.