டட்சன் 240ஸெட்டில் எல்எஸ்1 வி8: மைலேஜ் எப்படி?

ஜெனரல் மோட்டார்ஸின் 5.7 லிட்டர் எல்எஸ்1 என்ற எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினைத் தூக்கி, டட்சனின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் 240ஸெட்டில் வைத்தால் பெட்ரோல் பங்கிலேயே குடியிருக்க வேண்டியதுதான் என்று பலரும் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். நெடுஞ்சாலையில் என் வண்டி லிட்டருக்கு 10, 11 கொடுக்கிறது. முன்பு இருந்த 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர் எல்24, நல்ல ட்யூனிங்கில் இருந்தபோதும் 9-ஐத் தாண்டத் திணறும்.

இதில் பெரிய பங்கு கியர்பாக்ஸுக்கு. பழைய நாலு கியர் பெட்டியில் டாப் கியர் 1:1 (இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் பெட்டியிலிருந்து வெளிவருவதும் ஒரு சுற்று), அதனால் 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் 2,800 ஆர்பிஎம் பக்கம் கத்திக்கொண்டே வரும். எல்எஸ்1-உடன் போட்ட டி56 என்ற ஆறு கியர் பெட்டியில் ஆறாவது கியர் 0.50 (இன்ஜினின் அரைச் சுற்றுக்கே ஒரு சுற்று), பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் 3.54, அதே வேகத்தில் முள் 1,500-இல் நிற்கிறது, ஆயிரத்துச் சொச்சம் கிலோ வண்டியை அந்த ஆர்பிஎம்மில் இழுக்க இந்த இன்ஜினின் டார்க் தாராளம். அப்புறம் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இறக்கத்தில் கியரில் வைத்தே காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும், கார்புரேட்டரில் இது நடக்காது.

ஊருக்குள் 6, 7 தான். சிக்னலில் சும்மா நின்றாலும் எட்டு சிலிண்டருக்கும் தீனி போட்டாக வேண்டும், ஆறாவது கியருக்கு அங்கே வேலையே இல்லை.

மாற்றிய புதிதில் நெடுஞ்சாலையிலும் மைலேஜ் மோசமாகத்தான் இருந்தது. பிளக்கைக் கழற்றினால் நுனியெல்லாம் கரி, பின்னால் பச்சைப் பெட்ரோல் நெடி. கடைசியில் பார்த்தால் இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் ஹெடர் குழாயின் ஜாயின்ட்டில், ஆக்சிஜன் சென்சாருக்குச் சற்று முன்னால், மெல்லிய கசிவு. அதன் வழியே வெளிக்காற்று புகுந்ததும், கலவையில் பெட்ரோல் குறைவு என்று நினைத்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்னும் இன்னும் ஊற்றியிருக்கிறது. கேஸ்கெட் மாற்றியதும் சரியாகிவிட்டது. மைலேஜ் அடிவாங்கினால் ட்யூனரிடம் ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள், தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள்: அது மூடாமல் திறந்தே நின்று இன்ஜின் முழுசாகச் சூடேறாவிட்டால் ஈசியூ கூடுதல் பெட்ரோலைக் குறைக்கவே குறைக்காது.

இன்னொன்று, டிஃபரன்ஷியலோ டயர் அளவோ மாறியிருந்தால் ஓடோமீட்டர் காட்டும் தூரம் தப்பாக இருக்கும். ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகு போடும் கணக்குதான் கணக்கு.

பெட்ரோல் மிச்சத்துக்காக இதைச் செய்யாதீர்கள், போட்ட காசு அதில் திரும்பவே திரும்பாது. நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கு, அந்த வேகமும் வேண்டும் என்பவர்களுக்கு, தயங்காமல் சொல்வேன். மைலேஜ் மட்டும் போதும் என்றால் எல்24-ஐயே வைத்துக்கொண்டு ஓவர்டிரைவ் (1:1-ஐ விடக் குறைந்த விகித டாப் கியர்) உள்ள ஐந்து கியர் பெட்டியை மட்டும் மாற்றுங்கள்.