நிக்கான் எஃப், கேனான் எஃப்டி, ஒலிம்பஸ் ஓஎம்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

பிலிமில் படமெடுக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்த பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) வாங்கலாம் என்றே கேட்கிறார்கள். லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்த்துப் படமெடுக்கும் 35 மி.மீ. எஸ்எல்ஆர் கேமராக்களைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வரும் நான், எந்த லென்ஸ் மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் அமைப்பு) என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பேன். பாடி பழுதானால் வேறொன்றைத் தேடிக்கொள்ளலாம். மூன்று நான்கு லென்ஸ்கள் சேர்ந்துவிட்ட பிறகு மவுண்ட்டை மாற்றுவது கைக்கும் பணப்பைக்கும் பெருஞ்சுமை.

மூன்றில் மனத்துக்கு மிக நெருக்கமானது ஒலிம்பஸ் ஓஎம்-1. யோஷிஹிசா மைதானி வடிவமைத்து 1972-இல் வெளிவந்த இந்தக் கேமரா, அக்காலத்து எஸ்எல்ஆர்களைவிட அளவிலும் எடையிலும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் கண் வைத்துப் பார்க்கும் அதன் வியூஃபைண்டர் மட்டும் வியக்கத்தக்க அளவு பெரியது. பிலிமில் ஒளி விழும் நேரத்தை அமைக்கும் ஷட்டர் வேக வளையம் லென்ஸ் மவுண்ட்டைச் சுற்றியே அமைந்திருப்பதால், வேகம், அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தின் அளவு), ஃபோகஸ் ஆகிய மூன்றையும் கண்ணை எடுக்காமல் இடக்கையாலேயே திருப்ப முடியும். குறை, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானியில் இருக்கிறது. 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக உருவான அந்த ஒளிமானிக்கு இன்று கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியை அப்படியே போட்டால் அளவு பிசகும். காதுக் கருவிகளுக்கான துத்தநாகக் காற்று பேட்டரியைப் பயன்படுத்த வேண்டும், அல்லது மின்னழுத்தத்தைக் குறைக்க உள்ளே ஒரு டையோடு பொருத்திக்கொள்ள வேண்டும். மேலும், கோயில் பிரகாரம் போன்ற மங்கலான இடங்களில் ஒளிமானியின் முள் கண்ணுக்கே தெரிவதில்லை.

1976-இல் வந்த கேனான் ஏஇ-1, படமெடுக்கக் கற்பவருக்கு இன்றும் இனிய கருவிதான். ஷட்டர் வேகத்தை நாம் தேர்ந்தெடுத்தால் அபெர்ச்சரை அதுவே அமைத்துக்கொள்கிறது. ஓடி விளையாடும் குழந்தைகளைப் படமெடுக்க இதைவிட வசதி வேறில்லை. ஆனால் 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே இயங்காது. அதைவிடப் பெரிய சிக்கல், 1987-இல் கேனான் ஈஎஃப் மவுண்ட்டுக்கு மாறியபோது எஃப்டி லென்ஸ்கள் அனைத்தும் பின்தங்கிவிட்டன என்பது. எஃப்டி மவுண்ட்டுக்கும் பிலிமுக்கும் உள்ள தொலைவு 42 மி.மீ.; ஈஎஃப்-இல் 44 மி.மீ. இந்த இரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டால், இடையில் திருத்தக் கண்ணாடி இல்லாத அடாப்டரைப் பொருத்தினால் ஈஎஃப் மவுண்ட் கொண்ட இஓஎஸ் எஸ்எல்ஆர்களில் தொலைதூரக் காட்சி ஃபோகஸ் ஆகாது. உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாததால் இந்தத் தொலைவு குறைந்த மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பின்னரே அந்த அருமையான லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

நான் நிலைத்து நின்றது நிக்கான் எஃப் மவுண்ட்டில்தான். பாடி, 1982-இல் அறிமுகமான எஃப்எம்2. அதன் ஷட்டர் எல்லா வேகங்களிலும் இயந்திர விசையாலேயே இயங்குகிறது. பேட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான். 1/4000 நொடி என்னும் வேகம் விளம்பரத்துக்கான எண் என்று நினைப்பவர்கள் நம் ஊர் நண்பகல் வெயிலில் அதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 400 (ஒளியுணர்வு அளவு) பிலிமில், 1/1000 வரை மட்டுமே செல்லும் ஏஇ-1 அல்லது ஓஎம்-1 இருந்தால் ஏறக்குறைய எஃப்/11 என்னும் சிறிய அபெர்ச்சரை விட்டு நகர இயலாது, எஃப்எம்2-இல் எஃப்/5.6 வரை திறந்து, பின்னணியை ஓரளவு மங்கலாக்க முடிகிறது. ஒளிமானியின் சிவப்பு விளக்குகள் இருட்டிலும் தெளிவாகத் தெரிகின்றன. பிலிமை நகர்த்தும் வைண்டிங் லீவரைச் சற்று வெளியே இழுத்து வைத்தால்தான் ஒளிமானி இயங்கும் என்பதால், இடக்கண்ணால் பார்ப்பவர்களின் நெற்றியில் அது உறுத்தும். வாங்கும் முன் கண்ணில் வைத்துப் பார்ப்பது நல்லது.

எஃப் மவுண்ட் 1959 முதல் தொடர்ந்து வருகிறது என்பதற்காக எல்லா லென்ஸும் எல்லா பாடியிலும் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. 1977-க்கு முந்தைய, ஏஐ முறைக்கு (லென்ஸின் அபெர்ச்சரைக் கேமராவின் ஒளிமானிக்குத் தெரிவிக்கும் முறைக்கு) மாற்றப்படாத லென்ஸ்களை எஃப்எம்2-இல் பொருத்தக் கூடாது. அபெர்ச்சர் வளையம் இல்லாத ஜி வகை லென்ஸ்களை அதில் முறையாகக் கட்டுப்படுத்த முடியாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏஐ, ஏஐ-எஸ் லென்ஸ்களே பாதுகாப்பான தேர்வு. என் 105 மி.மீ. எஃப்/2.5 லென்ஸைக் காலையில் பிலிம் கேமராவிலும் மாலையில் டி750 டிஜிட்டல் கேமராவிலும் ஒளிமானியோடு பயன்படுத்த முடிவதே இந்த மவுண்ட்டில் நான் தங்கிவிட்டதற்கு முதன்மையான காரணம்.

இரண்டு மவுண்ட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிக்கான், கேனான் லென்ஸ்களின் ஃபோகஸ் வளையங்கள் எதிரெதிர்த் திசைகளில் திரும்புபவை. மாறி மாறிப் பயன்படுத்தும்போது கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில் நல்ல கணங்கள் நழுவிப் போகின்றன.

ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸோடு இலகுவாக நடந்து படமெடுக்க விரும்புபவர் என்றால் மட்டும், ஓஎம்-1-ஐயே பரிந்துரைப்பேன். காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான ப்ரிசத்தைச் சுற்றியுள்ள பஞ்சு மட்கி வெள்ளிப் பூச்சை அரித்திருக்கிறதா என்பதை வியூஃபைண்டர் வழியே பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகு வாங்குங்கள்.