காற்றா, தண்ணீரா? சூடாகும் கணினிக்கு எதை வாங்குவது

மே மாத மதியம். மதுரையில் என் அறை வெப்பமானி 36 டிகிரி காட்டியது. காணொளி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டது, மின்விசிறி இரைந்தது, வேலை ஊர்ந்தது. "வாட்டர் கூலர் போட்டுவிடுங்கள் சார், ஐஸ் மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். இந்தப் பேச்சை நம்பிப் பணத்தைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

தண்ணீர் குளிரை உண்டாக்குவதில்லை. பிராசஸரின் சூட்டை ரேடியேட்டர் என்னும் வெப்பத்தை வெளியேற்றும் தகட்டுப் பெட்டி வரை சுமந்து செல்கிறது, அவ்வளவுதான். அங்கே சூட்டை வாங்கிக்கொள்வது அதே அறைக் காற்று. இன்னொரு வகை, காற்றால் குளிர்விக்கும் டவர் கூலர்: கோபுரம் போல அடுக்கிய உலோகத் தகடுகளும் ஒரு மின்விசிறியும். அதில் செம்புக் குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு திரவம் ஆவியாகி, தகடுகள் கோத்த பக்கத்தில் குளிர்ந்து திரும்புகிறது. அறை 36 டிகிரி என்றால், இரண்டில் எதுவும் பிராசஸரை அதற்குக் கீழே இறக்காது.

ஏஎம்டியின் ரைசன் 5 3600 போன்ற, 65 வாட் என்று குறிக்கப்பட்ட பிராசஸர், முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். அதற்கு 120 மில்லிமீட்டர் மின்விசிறி பூட்டிய டவர் கூலரே தாராளம். 200 வாட்டைத் தாண்டும் இன்டெல் கோர் ஐ9 வகைப் பிராசஸரை மணிக்கணக்கில் ஓட்டுகிறவருக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கொண்ட வாட்டர் கூலர் நியாயமான செலவு. மற்றவர்களுக்கு நான் டவரைத்தான் சொல்வேன். அதில் மின்விசிறி நின்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். மூடிய வாட்டர் கூலரில் நீரைச் சுற்றவிடும் பம்ப் நின்றால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆண்டுகள் போகப்போகக் குழாய்ச் சுவர் வழியே நீரும் சிறிது சிறிதாகக் குறையும்.

நான் இரண்டையும் வாங்கவில்லை. முதலில் கேபினெட்டைத் திறந்தேன். மின்விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி, பழைய கம்பளித் துண்டு போல அடையாகப் படிந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தபோது ஒரே தகடாக வந்தது. இறக்கைகள் சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடைத்தேன். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. ஏஎம்4 சாக்கெட் (ரைசன் 5 3600 போன்றவை உட்காரும் பொருத்துமிடம்) வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: கணினியைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கி அணைத்த பிறகு, கூலரை இடவலமாக மெல்லத் திருகியே எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து, அதன் அடியில் உள்ள ஊசிக் கால்கள் வளைந்துவிடலாம். பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து மூடினேன். அதே காணொளி, அதே மதியச் சூடு: 82 டிகிரி.

அதற்குப் பிறகும் சூடு அடங்காதவர்கள் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) பிராசஸரின் மின் வரம்பைக் குறைத்துப் பார்க்கலாம். வேகம் கொஞ்சம் குறையும், காசு செலவில்லை. கூலர் வாங்கக் கிளம்புமுன் இன்னொன்றையும் செய்யுங்கள். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே வேலையை ஓட்டுங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால், குறை கூலரில் இல்லை, காற்றோட்டத்தில். முன்புறம் காற்றை உள்ளிழுக்க இரண்டு, பின்புறம் வெளித்தள்ள ஒன்று என மூன்று மின்விசிறிகளை வாங்கி மாட்டுங்கள்.