கச்சான் காற்றில் ஐந்து வருடம்: .22 தோட்டாவோடு என் அனுபவம்

பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் என் கையில் கொடுத்தது எஸ்.எல்.ஆர். என்ற ராணுவத் துப்பாக்கி. 7.62 (மி.மீ. விட்டம்) தோட்டா. 9 கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் பாயும். சுட்டு முடித்து வந்தால் தோளில் ரத்தம் கட்டியிருக்கும். அந்த வலி இரண்டு நாளில் போய்விடும். போகாமல் தங்கியது வேறு ஒன்று. விசையை அழுத்துவதற்கு முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் தானாக முன்னால் தள்ளும். பிறகு 5.56 தோட்டா போடும் இன்சாஸ் துப்பாக்கி வந்தது. உதை குறைந்தது, பழக்கம் விடவில்லை.

ஓய்வு பெற்று தேவிபட்டினம் பக்கம் குடியேறியதும், தூரச் சுடுதல் பயிற்சிக்கு எந்தத் தோட்டா என்று நிறைய யோசித்தேன். 7.62, .303 இரண்டும் சட்டப்படி தடைசெய்யப்பட்ட வகை. உரிமத்தில் கிடைக்கும் .315 (இந்தப் புள்ளி எண்கள் அங்குலத்தில்) நன்றாகவே உதைக்கும். எனக்கு எது வேண்டாமோ அதுவே அதில் இருந்தது. வெளிநாட்டில் இதற்கென்றே 2007-இல் வந்த 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா இருக்கிறது. 300 மீட்டர் போட்டிக்காரர்கள் 6 மி.மீ. பி.ஆர். வைத்திருக்கிறார்கள். ஆசைதான், ஆனால் வாரா வாரம் பெட்டி பெட்டியாக வாங்கிச் சுட நமக்குக் கட்டுப்படியாகாது. கடைசியில் .22 எல்.ஆர். என்ற சின்னத் தோட்டாவை எடுத்தேன்.

அது 50 மீட்டரில் பிள்ளைகள் பழகுவதற்குத்தானே என்று துப்பாக்கிச் சுடும் சங்கத்திலேயே கேட்டார்கள். 100 மீட்டரில் இலக்கு அட்டையை வைத்துப் பார்த்தால் தெரியும். 50-க்குச் சரி செய்த துப்பாக்கி 100-இல் ஏறக்குறைய ஒரு சாண் கீழே அடிக்கும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகக் குறுக்குக் காற்று குண்டை அரைச் சாண் ஒதுக்கிவிடும். 7.62 குண்டு அவ்வளவு ஒதுங்க வேண்டுமானால் இரண்டு மடங்குக்கும் மேல் தூரம் போக வேண்டும். காற்றைப் படிக்க இதைவிட நல்ல வாத்தியார் எனக்குக் கிடைத்ததில்லை.

காற்றுக்கோ எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடை. வைகாசி தொடங்கினால் மேற்கிலிருந்து வீசும் கச்சான், ஆடியில் மணலை வாரி இறைக்கும். சுடுதளம் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தாலும் சுற்றியுள்ள பனைமரங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். முதல் வருடம் காற்று ஓயும் நேரம் பார்த்துச் சுட்டேன். குண்டுகள் சிதறின. பக்கத்து வீட்டில் வள்ளம் வைத்திருக்கும் அண்ணனிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். "ஓயுற காத்து எப்ப திரும்பும்னு யாருக்குத் தெரியும் தம்பி? சீரா வீசும்போதே கணக்கு வச்சுக்க" என்றார். அவர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. அன்றிலிருந்து ஓலை ஒரே சீராக ஆடும்போதுதான் விசையை அழுத்துகிறேன். அட்டையில் துளைகள் விழும் கூட்டம் பாதியாகச் சுருங்கியது.

அப்புறம், எந்த .22 என்பது. அதிவேகத் தோட்டா காற்றை வெல்லும் என்று நினைத்து ஒரு வருடம் வீணாக்கினேன். நடப்பது நேர் எதிர். அது நொடிக்கு 380 மீட்டர் அளவில் கிளம்பும். நம் வெயிலில் ஒலியின் வேகம் ஏறக்குறைய 350. 100 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் குண்டு ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஒலி வேகத்தை ஒட்டிய அந்த அளவில் காற்றுத் தடை மிக அதிகம் என்பதால், வேகம் விழுகிற அளவுக்குக் குண்டு பக்கவாட்டிலும் கூடுதலாக ஒதுங்கும். நொடிக்கு 325 மீட்டரில் கிளம்பும் சாதாரண வேகத் தோட்டாவுக்கு அந்தத் தொல்லை குறைவு. தூரத்துக்கு அதையே வாங்குங்கள், ஒரே லாட்டில் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியில்) வாங்குங்கள். லாட் மாறினால் பெயர் ஒன்றாக இருந்தாலும் குழலின் குணம் மாறிவிட்டதோ என்று தோன்றும்.

கண் மூடும் பழக்கம் என்ன ஆயிற்று? மருந்தில்லாத, வெடிக்காத வெற்றுத் தோட்டா ஒன்றிரண்டைக் கலந்து, எது எப்போது வரும் என்று தெரியாதபடி சங்கத்துத் தம்பி ஒருவரைப் போட்டுத் தரச் சொன்னேன். வெற்றில் விசை விழுந்தபோது குழல் முனை குதித்ததை நானே பார்த்தேன், வருத்தமாகத்தான் இருந்தது. ஏழெட்டு மாதம் ஆனது அது அடங்க. இப்போது சுட்ட பிறகும் ஸ்கோப்பில் அட்டை அசையாமல் நிற்கிறது. குண்டு போய்ச் சேர ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி ஆகிறது. அட்டையில் துளை விழுவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. உதைக்கிற துப்பாக்கியில் இருபது வருடம் சுட்டும் இதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

குறை என்றால் உப்புக்காற்று. குண்டின் மேல் பூசிய மெழுகு வெயிலில் இளகும், மணலை ஒட்டிக்கொள்ளும். ஒரு கோடையில் வண்டிப் பெட்டியில் விட்ட ஐம்பது தோட்டாவை அப்படியே ஒதுக்க வேண்டியதாயிற்று. இப்போது இறுக்கமான மூடி போட்ட டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, பூட்டிய பீரோவின் அடித்தட்டில் வைக்கிறேன். சுட்ட அன்றைக்கே போல்ட்டுக்கும் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்பு) வெளிப்புற இரும்புக்கும் எண்ணெய்த் துணி, மறுநாள் என்று தள்ளினால் செம்புள்ளி வந்துவிடும்.

இந்த ஆடிக்கு அதே லாட்டில் பன்னிரண்டு பெட்டி மிச்சம் இருக்கிறது. கச்சான் நேற்றே எடுத்துவிட்டது.