பருவுக்கு என்று அறுத்துக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை: காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டார் கவனிக்க

தை முகூர்த்தம். திருப்பூட்டுக்கு (தாலி கட்டுக்கு) ஏழு வாரம் இருக்கையில், காரைக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் முகப்பருவுக்கு அழகு நிலையத்தில் ஒரு மருந்துக் கடையைக் காட்டிவிட்டார்கள். கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்கவில்லை. 21 மாத்திரை அட்டையில் பாதியை அறுத்து, காகித உறையில் போட்டு, "ஆச்சி, இது ஹார்மோன் மாத்திரை, பத்தே நாள்ல முகம் தெளிஞ்சிரும்" என்று தாயாரிடம் கொடுத்தார். பில்லும் இல்லை.

பத்து நாளில் ஒன்றும் தெளியவில்லை. சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் பத்து வாங்கினார்கள். பரு கூடியது. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு வெறுத்துப்போய் நிறுத்தினாள். மறுநாளுக்கு மறுநாள் உதிரப்போக்கு. கல்யாண வீட்டில் அந்தப் பிள்ளை பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

உறையில் மிஞ்சிய துண்டில் இருந்த பெயர்: சைப்ரோட்டிரோன் அசிட்டேட் 2 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடியால் 35 மைக்ரோகிராம். போலி மருந்து அல்ல. உரிய ஆளுக்குக் கொடுத்தால் பருவைக் குறைக்கும் மருந்துதான். ஏமாற்று, விற்ற விதத்தில் இருக்கிறது.

ஆண்ட்ரோஜன் எனும் ஆண்பால் ஹார்மோன் (பெண்ணுக்கும் கொஞ்சம் சுரக்கும்) தோலின் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுவதால்தான் தாடை, கன்ன ஓரங்களில் பரு கிளம்புகிறது. ஈஸ்ட்ரோஜனும் (இங்கே எத்தினைல் எஸ்ட்ராடியால்) புரோஜெஸ்டினும் (இங்கே சைப்ரோட்டிரோன்) சேர்ந்த மாத்திரை சினைப்பையில் ஆண்ட்ரோஜன் சுரப்பதைக் குறைக்கும். அதைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரலில் கூட்டும். சைப்ரோட்டிரோன் ஒரு படி மேலே போய் ஆண்ட்ரோஜனின் வேலையையே தடுக்கும். ஆனால் எண்ணெய் குறைந்து, உள்ளே அடைத்திருக்கும் துளைகள் தெளிய மூன்று மாதமாவது ஆகும். முழுப் பலனுக்கு ஆறு மாதம். முதல் சில வாரம் பரு கூடவும் செய்யலாம். பத்து நாள் கணக்குச் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். தைக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

21 நாள் விடாமல் போட்டு, 7 நாள் இடைவெளி விட்டால்தான் மாதவிலக்கு கணக்கில் நிற்கும். நடுவில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் போக்கு வருவது இயல்பு. இந்த மாத்திரை கருத்தடையாகவும் வேலை செய்யும். விட்டுவிட்டுப் போட்டால் அந்தக் கருத்தடையும் நிற்காது. புதுப்பெண்ணுக்கு இது சின்ன விஷயம் அல்ல, கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது.

'ஹார்மோன் மாத்திரை' என்பது ஒரே மருந்தும் அல்ல. திருவிழாவுக்கும் விசேஷத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட வாங்கும் நோரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராமையே பருவுக்கும் என்று கொடுத்துவிடுகிறார்கள். அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. பருவைக் கூட்டவே வாய்ப்பு. அவசர கருத்தடை மாத்திரையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், அதாவது அரசு தரும் தினசரிக் கருத்தடை மாத்திரையான மாலா-என் பத்தில் உள்ள அளவு, ஒரே வேளையில் உள்ளே போகிறது. அதற்கும் பரு சிகிச்சைக்கும் சம்பந்தமே இல்லை. 'மாலா போட்டால் பரு வரும்' என்று பொதுவாகச் சொல்வதும் சரியல்ல. அதில் ஈஸ்ட்ரோஜனும் இருப்பதால் பலருக்குப் பரு குறைகிறது.

கடையில் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் எனக்கு அதிகக் கோபம் தருகின்றன. ரத்த அழுத்தம் பார்த்தார்களா? ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரியுமா? பெண்ணுக்கோ உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ காலில் ரத்தம் உறைந்ததுண்டா? காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கார்பமசிபைன் சாப்பிடுகிறாளா? இவ்விரண்டும் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறதா, முகத்தில் ரோமம் உண்டா? உண்டென்றால் மாத்திரையைத் தொடும் முன் நீர்க்கட்டிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். தொடங்கிவிட்டால் மாதாமாதம் போக்கு வந்து உள்ளே இருக்கும் கோளாறை மறைத்துவிடும்.

ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் இந்த மருந்தை ஆராய்ந்து, பருவுக்கு என்றால், பூச்சு மருந்தும் ஆன்டிபயாடிக்கும் பலிக்காத நடுத்தர, கடும் பருவுக்கு மட்டும் என்று வரையறுத்தது. காரணம் ரத்த உறைவு. மாத்திரை போடாத பெண்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 2 பேருக்கு வரும். லெவோநார்ஜெஸ்ட்ரல் கலந்த மாத்திரையில் 5 முதல் 7 பேருக்கு. சைப்ரோட்டிரோன் கலந்ததில் அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. பயந்து ஓட வேண்டிய எண் அல்ல. ஆனால் சீட்டில்லாமல் அறுத்துக் கொடுக்கும் பண்டமும் அல்ல.

ஏற்கெனவே வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் அட்டையின் பெயரைப் படம் எடுத்துவைத்து, தோல் மருத்துவரிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ காட்டுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில் இருந்தால்தான் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் நிற்கும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, என்றும் இல்லாத தலைவலி, பார்வை மங்கல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி ஏறும்போது அந்த அட்டையும் கையில் இருக்கட்டும். கருத்தடை மாத்திரை போடுவதைப் பெரியவர்கள் முன் சொல்லக் கூசி மறைத்தால், டாக்டர் ரத்த உறைவை நினைக்காமலே போய்விடக்கூடும்.