ஈஸ்ட்டில் பண்பு இறங்கும் வழி: மரபணு மாற்றமா, பிரையானா?

மரபணு மாற்றத்தின் கணக்கு எளிது: இயல்பான செல்லுடன் நடக்கும் கலப்புக்குப் பின் வரும் 4 வித்துகளில் 2-க்குத்தான் அது போகும். பிரையானோ (மடிப்பு மாறி, அந்த மடிப்பைத் தன் இனப் புரதங்களுக்கும் பரப்பும் புரதம்) பெரும்பாலும் நான்குக்கும் போய்விடும், டிஎன்ஏவில் ஓர் எழுத்தும் மாறாமல்! 1965-இல் மரபியலாளர் பிரையன் காக்ஸ் ஈஸ்ட்டில் கண்ட புதிரான பண்பை 1994-இல் விஞ்ஞானி ரீட் விக்னர் இப்படித்தான் விளக்கினார்.

புரத உற்பத்தியை உரிய இடத்தில் நிறுத்த உதவுவது சப்35 என்ற புரதம். மடிப்பு மாறிய சப்35, மற்ற சப்35 மூலக்கூறுகளையும் தன்னைப் போலவே மடியவைத்துத் திரளாக்குகிறது. எச்எஸ்பி104 என்ற இன்னொரு புரதம் அந்தத் திரளை உடைக்க, துண்டுகள் மகள் செல்லுக்குப் போகின்றன. சப்35 திரளில் சிக்கிவிடுவதால் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் மரபணுச் செய்தியின் சில நிறுத்தக் குறிகளைத் தாண்டிப் படிக்கிறது. புதுப் பண்புகள் அதனால்தான்.

என்னைக் கேட்டால், மீளும் தன்மைதான் பெரிய வேறுபாடு. சிறிதளவு குவானிடின் ஹைட்ரோகுளோரைடு என்ற வேதிப்பொருளில் வளர்த்தால் பிரையான் மறையும், மரபணு மாற்றம் மறையாது. அப்புறம் அதே வம்சத்தில் பிரையான் அரிதாகத் தானாகவே திரும்பவும் தோன்றும்.