டேம்பிங்கா, ஸ்டோன்ப்ளோயரா? தண்டவாளத்து ஜல்லிக்கு எது நல்லது?

ரயில் ஓட ஓட ஸ்லீப்பருக்கு (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) அடியில் இருக்கும் ஜல்லி அமுங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமுங்குவதில்லை, அதுதான் சிக்கல். பள்ளம் விழுந்த இடத்தில் ஸ்லீப்பர் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு சக்கரம் ஏறும்போதும் கீழே போய் மோதும்.

இந்திய ரயில்வேயில் இதற்கு வழக்கமான மருந்து டேம்பிங் மெஷின். அது பாதையைத் தூக்கி மட்டத்துக்குக் கொண்டுவரும். அப்புறம் ஸ்லீப்பரின் இரு பக்கமும் இரும்பு முனைகளை ஜல்லிக்குள் இறக்கி, நொடிக்கு சுமார் 35 முறை அதிரவிட்டு, கல்லை அடியில் நெருக்கித் தள்ளும். வேகமான வேலை, பக்கவாட்டு வளைவையும் அதே ஓட்டத்தில் சரிசெய்துவிடும். ஆனால் முனை இறங்கும் ஒவ்வொரு தடவையும் கல்லின் கூர்விளிம்பு உடைகிறது. கல்லோடு கல் கோத்துக்கொள்ள அந்த விளிம்புதான் வேண்டும். பழைய ஜல்லியில் டேம்பிங் செய்தால், கலைந்த கற்கள் மறுபடி அமுங்கி, பள்ளம் பழைய இடத்திலேயே திரும்ப வந்துவிடும். வெயில் காலத்தில் இன்னொரு கவலையும் உண்டு. நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் சூட்டில் நெளியாமல் பிடித்து நிறுத்துவது ஜல்லிதான். டேம்பிங் அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். அதனால்தான் பின்னாலேயே, பாதையை அதிரவைத்து ஜல்லியை இறுக்கும் டைனமிக் ஸ்டெபிலைசர் மெஷினை ஓட்டுகிறார்கள், அல்லது கொஞ்ச நாள் வேகத்தைக் குறைக்கிறார்கள்.

பிரிட்டனில் வேறு வழி பிடித்தார்கள். அங்கே முன்பு ஸ்லீப்பரை ஜாக்கி வைத்துத் தூக்கி, அளந்த பொடிக்கல்லை மண்வெட்டியால் அடியில் பரப்புவார்கள். அதை இயந்திரமாக்கியதுதான் ஸ்டோன்ப்ளோயர். பாதையைத் தூக்கிப் பிடித்து, ஸ்லீப்பர் ஓரமாகக் குழாய் இறக்கி, சுமார் 20 மி.மீ. கல்லை அழுத்தக் காற்றால் இடைவெளிக்குள் ஊதும். எந்த ஸ்லீப்பருக்கு எவ்வளவு கல் என்பதை முன்கூட்டியே அளந்து கணக்கிடுவார்கள். பல வருடம் ரயில் ஓடி இறுகிய ஜல்லிப் படுகையைக் கலைக்காமல் மேலே ஒரு அடுக்கு சேர்ப்பதுதான் இதன் பலம். அந்த இறுக்கத்தை எந்த மெஷினாலும் ஒரே நாளில் உண்டாக்க முடியாது, அதனால் எனக்கு இந்த முறை மேல் பெரிய மதிப்பு உண்டு. ஒன்று மட்டும்: இப்படிக் கல் ஊதிய பாதையில் பிறகு டேம்பிங் செய்தால் அந்த அடுக்கு கலைந்து வீணாகும்.

என் கணிப்பில், புது ஜல்லிக்கு டேம்பிங் போதும். பழசாகியும் தண்ணீர் வடிகிற படுகைக்கு ஸ்டோன்ப்ளோயர்தான் சரி. ஜல்லிக்குள் சேறு ஏறிவிட்டால் இரண்டுமே பணவிரயம். மொத்த ஜல்லியையும் வெட்டியெடுத்துச் சலித்து, 20 முதல் 65 மி.மீ. வரையான நல்ல கல்லைத் திரும்பப் போடத்தான் வேண்டும்.

எந்த மெஷின் வந்தாலும், அதற்கு முன் டிராக்மேன்கள் (பாதையைப் பராமரிக்கும் ஊழியர்கள்) கழன்ற கிளிப், தேய்ந்த ரப்பர் பேட், உடைந்த லைனர் என்று தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிணைக்கும் பழுதான பாகங்கள் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். கோணிப்போன ஸ்லீப்பரை நேராக்காமல் விட்டால், டேம்பிங் முனை கான்கிரீட் மேலேயே இறங்கி அதை உடைத்துவிடும்.